பழைய வண்டியும் பழகிய கையும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு என் பேரனை அழைத்துக்கொண்டு சந்தாபுராவுக்குப் போயிருந்தேன். பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் இருபத்துச் சொச்சம் பேர் அங்கே கூடி, ஓசூர் வரை ஊர்வலமாகப் போய், சந்திரசூடேஸ்வரர் மலையடிவாரத்தில் சிற்றுண்டி சாப்பிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. பெரிய சங்கமோ விளம்பரமோ கிடையாது. ஒருவருக்கொருவர் சொல்லிச் சேர்ந்த கூட்டம். என்னிடம் வண்டி இல்லை. வேடிக்கை பார்க்கத்தான் போனேன். ஆனால் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மனத்தில் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதை நம் இதழில் எழுதினால் நாலு பேர் யோசிப்பார்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சந்தாபுரா நம்மில் பலருக்குப் பழக்கமான இடம். ஊருக்குப் போகும்போதெல்லாம் ஓசூர் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியையும் பொம்மசந்திராவையும் தாண்டியதும் வரும் சந்திப்பு அது. அங்கிருந்துதான் ஆனேக்கல் சாலை பிரிகிறது. இன்று பொம்மசந்திரா வரை மெட்ரோ ரயில் வந்துவிட்டது. 2025 ஆகஸ்டு முதல் ஓடுகிறது. நான் சிறுவனாக இருந்த காலத்தில் அந்தச் சாலையின் இரு பக்கமும் ராகி வயலும் புளிய மரங்களும்தான்.

அப்போது நாங்கள் அல்சூரில் குடியிருந்தோம். அப்பா 1973-ல் பழைய ஜாவா ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினார். சிவப்பு நிறம். பெட்ரோல் டேங்கின் பக்கவாட்டில் வெள்ளிபோல் மின்னும் குரோமியத் தகடு. கிக்கரும் கியரும் ஒரே கம்பிதான். உதைத்து ஸ்டார்ட் செய்தபின் அதையே உள்ளே தள்ளித் திருப்பினால் கியர் போடும் கம்பியாகிவிடும். ஒரு சிலிண்டருக்கு இரண்டு பக்கமும் இரண்டு சைலென்சர். மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரிக்கு அதில்தான் போவோம். டேங்க் மேல் நான், பின்னால் ஒருக்களித்து அம்மா, அம்மா மடியில் தங்கை. சந்தாபுரா வந்ததும் அப்பா வண்டியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுவார். அம்மா அதற்குள் தூக்குவாளியைத் திறந்து ஆளுக்கு இரண்டு இட்லி கொடுத்துவிடுவாள். அந்தப் புகை வாசனையும் இட்லியும் சேர்ந்துதான் எனக்கு ஊர்ப்பயணம்.

அப்பா 1998-ல் காலமானார். மறு வருடம் வீடு மாற்றும்போது, இடம் அடைக்கிறது என்று அந்த ஜாவாவைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. தெரிந்தே நான் செய்த காரியம். கட்டுரை எழுதும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு, முதலிலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது.

இரண்டு ஊர்களின் வண்டிகள்

அன்று சந்தாபுராவில் நின்றவற்றில் பெரும்பாலானவை இரண்டு ஊர்களில் பிறந்தவை. ஒன்று நம் திருவொற்றியூர், மற்றொன்று மைசூர்.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் 350 சி.சி. புல்லட் தயாராயிற்று. 1970-ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் தயாரிப்பே நின்றுபோனது. தாய் வீடு மூடியபின்னும் மகள் வீட்டில் அடுப்பு அணையவில்லை என்பதுபோல, நம் பக்கத்தில் மட்டும் புல்லட் விடாமல் தயாராகிக்கொண்டே இருந்தது.

ஜாவாவின் கதை வேறு. செக்கோஸ்லோவாக்கியாவில் யானெச்செக் என்பவர் 1929-ல் வாண்டரர் நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் பிரிவை வாங்கினார். இரண்டு பெயர்களின் முதல் எழுத்துகளும் சேர்ந்து ‘ஜாவா’ ஆயிற்று. அந்த வண்டியை மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1961 முதல் தயாரித்தது. 1973-லிருந்து அதற்கு ‘யெஸ்டி’ என்று பெயர். மைசூர்த் தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். ஜாவா என்ற பெயர் 2018-லும் யெஸ்டி என்ற பெயர் 2022-லும் புதிய நிறுவனத்தின் கீழ் மறுபடி சந்தைக்கு வந்தன. நம் ஓசூர் டி.வி.எஸ். நிறுவனம் 2020-ல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற நார்டன் பெயரையே 1 கோடியே 60 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. 1980-ல் ஐம்பது சி.சி. மொபெட்டில் ஓசூரில் தொடங்கிய கம்பெனி, நாற்பது வருடத்தில் நார்டனை வாங்கியது நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் பெயரை விலைக்கு வாங்கலாம். 1965-ஆம் வருட ஜாவா ஒன்று இன்று காலை ஸ்டார்ட் ஆக வேண்டுமென்றால், அதற்குப் பெயர் போதாது. ஒரு கை வேண்டும்.

மைசூரில் கதவை மூடி முப்பது வருடமாகப் போகிறது. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதம் இரண்டாம் ஞாயிறன்று ‘சர்வதேச ஜாவா தினம்’ என்று பெங்களூரில் பழைய ஜாவாக்களும் யெஸ்டிகளும் கூட்டமாக வந்து நிற்கின்றன. கம்பெனி இல்லாத அத்தனை காலமும் அவற்றை ஓட வைத்தவர்கள் யார்? ஜே.சி. ரோட்டிலும், கலாசிபாளையத்திலும், சென்னைப் புதுப்பேட்டையிலும், சந்தாபுரா போன்ற சந்திப்புகளிலும், எட்டடிக்குப் பத்தடி தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்குகள்தான். கிடைக்காத உதிரிப்பாகத்துக்கு வேறு வண்டியின் பாகத்தை அரம் போட்டுத் தேய்த்துப் பொருத்தியவர்கள் அவர்கள். ‘சீசிங்’ ஆன பிஸ்டனைக் கழற்றி, லேத்தில் சிலிண்டரை போரிங் செய்து, மறுபடி ஓட வைத்தவர்கள்.

அன்று நடந்தது

இனி, என்னை உறுத்திய விஷயத்துக்கு வருகிறேன்.

வண்டிகளுக்கெல்லாம் மாலை போட்டார்கள். எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். கொடியசைக்க வந்த பிரமுகருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மைசூர் மாநிலமாக இருந்த காலத்து ‘எம்.ஒய்.’ எண் பலகையும், பழைய மெட்ராஸின் ‘எம்.டி.’ எண் பலகையும் அருகருகே நின்றன. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையின்போது தமிழ்நாட்டு எண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் இந்நகரில் எரிந்ததையும், பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஜனங்கள் அத்திப்பள்ளி எல்லையை நடந்தே கடந்ததையும் பார்த்தவன் நான். அதே சாலையில் இரண்டு மாநில எண்களும் ஒன்றாகக் கிளம்புவதைப் பார்க்க மனம் நிறைந்தது.

கிளம்பும் நேரத்தில் ஒரு புல்லட் மட்டும் மக்கர் செய்தது. ஓட்டி வந்த இளைஞர் நல்ல பிள்ளை. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. உதை உதையென்று உதைத்தார். வேர்த்துக் கொட்டியதுதான் மிச்சம். யாரோ ஓடிப்போய் ஆனேக்கல் சாலையில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் பாயைக் கூட்டி வந்தார்கள். எழுபது வயது இருக்கும். வாணியம்பாடிக்காரர். பதினோரு வயதில் ஜே.சி. ரோட்டில் ஒரு பட்டறையில் தரை துடைக்கச் சேர்ந்தவர், 1988-ல் சந்தாபுராவில் சொந்தக் கடை போட்டாராம்.

பாய் முதலில் வண்டியைத் தொடவேயில்லை. “இன்னொரு வாட்டி மெதுவா உதைங்க தம்பி” என்று சொல்லிவிட்டுக் குனிந்து காதைக் கொடுத்தார். பிறகு பாயின்ட் மூடியைத் திறந்தார். தன் சட்டைப்பையில் இருந்த கல்யாணப் பத்திரிகை ஒன்றின் மூலையைக் கிழித்து, பாயின்ட்டின் இரு முனைகளுக்கு நடுவே விட்டு இரண்டு தடவை இழுத்தார். அழுக்கு காகிதத்தோடு வந்தது. ஸ்குரூவைக் கால் சுற்றுத் தளர்த்தி இடைவெளியைச் சரிசெய்தார். கிக்கரை மெல்ல அழுத்தி, டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, ஆம்ப்மீட்டர் முள் நடுவே வந்து நிற்பதை இளைஞருக்குக் காட்டினார். “இங்க வந்தப்புறம்தான் உதைக்கணும். இல்லேன்னா அது திருப்பி உதைக்கும்” என்றார். ஒரே உதை. வண்டி நிதானமாகத் துடிக்க ஆரம்பித்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்து, குரூப் போட்டோ. வண்டிகளை வரிசையாக நிறுத்தினார்கள். பிரமுகர் நடுவில். சொந்தக்காரர்கள் தத்தம் வண்டி மேல். போட்டோ எடுப்பவர் பாயைப் பார்த்து, “சார், கொஞ்சம் நகந்துக்கறீங்களா, ஃபிரேம்ல வர்றீங்க” என்றார். பாய் தப்பாக எடுத்துக்கொள்ளாமல், கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டே ஒதுங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். என் பேரன் என்னை இடித்து, “தாத்தா, வண்டியை ஓட வச்சது அவருதானே? அவரு ஏன் போட்டோல இல்ல?” என்று கேட்டான். ஏழு வயதுப் பையனுக்கு நான் சொல்லும்படியான பதில் எதுவும் என்னிடம் இல்லை.

ஊர்வலம் போனபின் பாயிடம் பேசிக்கொண்டிருந்தேன். அப்பாவின் ஜாவாவை எடைக்குப் போட்ட கதையையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, “டேங்க் நல்லா இருந்துச்சா தம்பி?” என்று மட்டும் கேட்டார். நன்றாகத்தான் இருந்தது என்றேன். தலையை ஆட்டினார். அவருக்குப் பின் கடையைப் பார்க்க ஆள் இருக்கிறதா என்று கேட்டேன். மகன் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் மாதச் சம்பளத்துக்குப் போகிறான், நல்ல வேலை, அல்லாஹ் புண்ணியம் என்றார். “கண்ணு முன்ன மாதிரி தெரியல. டைமிங் வைக்கறதுக்குக் காது போதும், ஆனா கிளிப் மாட்டறதுக்குக் கண்ணு வேணுமே” என்று சிரித்தார்.

என் கருத்து

நான் சொல்ல வருவது இதுதான். பழைய மோட்டார் சைக்கிள் ஊர்வலங்களை நான் வரவேற்கிறேன். ஆனால் அவை இரும்பைக் கொண்டாடிவிட்டு, அந்த இரும்பை உயிரோடு வைத்திருக்கும் கைத்தொழிலை ஓரம் கட்டுகின்றன. இன்னும் பத்து வருடத்தில் வண்டிகள் இருக்கும். ஓட்ட ஆசைப்படுபவர்களும் இருப்பார்கள். பிழைபார்த்துச் சரிசெய்ய ஆள் இருக்கமாட்டார். அப்போது ஊர்வலம் ஏது? வரவேற்பறையில் துடைத்து வைத்த பொம்மைகள்தான் மிஞ்சும்.

அரசாங்கமே பழைய வண்டிகளுக்கு ஒரு தனி இடம் கொடுத்திருக்கிறது. 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களைப் பாரம்பரிய வாகனங்களாகப் பதிவு செய்ய வழி செய்தார்கள். புதிதாகப் பதிய 20,000 ரூபாய் கட்டணம், பத்து ஆண்டு செல்லும், ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு எண் தருவார்கள். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி உபயோகத்துக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது இவற்றுக்குத்தான் சாலைக்கு வரலாம். ஆக, பழுதுபார்ப்பதைச் சட்டமே ஊர்வலத்துக்குச் சமமாகச் சொல்லியிருக்கிறது. நாம்தான் சொல்லவில்லை.

வெளிநாட்டிலும் இந்த ஆர்வம் புதிதல்ல. இங்கிலாந்தில் 1915-க்கு முன் செய்த மோட்டார் சைக்கிள்களுக்கென்றே ‘பயனீர் ரன்’ என்ற ஓட்டம் 1930-ல் தொடங்கியது. 1946-ல் தொடங்கிய அந்நாட்டு விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப், பழைய கையேடுகளையும் படங்களையும் சேர்த்து ஒரு நூலகமே வைத்திருக்கிறது. அவர்களுக்குக் கையேடு இருக்கிறது. நம் பாய்க்குக் கையேடு எல்லாம் காதிலும் விரல் நுனியிலும்தான். அவர் போனால் நூலகமும் போயிற்று.

இதற்கு மறுப்பாகச் சிலர் சொல்வதையும் நான் அறிவேன்.

‘பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி புகை கக்கும், ஊர் மூச்சுத் திணறும்போது இது தேவையா?’ என்பார்கள். நியாயமான கேள்வி. பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து எரிக்கும் எஞ்சின் புகை கக்கத்தான் செய்யும். ஆனால் மாதம் ஒரு முறை வெளியே வரும் வண்டியை, ஒழுங்காக டியூன் செய்து, அளவாக ஆயில் கலந்து ஓட்டினால் பெரும்பகுதிப் புகையைக் குறைக்கலாம். அதற்கும் நல்ல மெக்கானிக்தான் வேண்டும். சைலென்சரைக் கழற்றிவிட்டு அதிர அதிர ஓட்டுபவர்களுக்கு மட்டும் என்னிடம் ஆதரவு கிடையாது. ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு போட்டோவுக்குச் சிரிப்பவர்களுக்கும்தான்.

‘காலம் மின்சார வண்டிக்குப் போய்விட்டது, பழைய தொழில் எதற்கு?’ என்பார்கள். நானும் மின்சார ஸ்கூட்டரில்தான் காய்கறி வாங்கப் போகிறேன். ஆனால் பெட்ரோலே மாறிவிட்டது பாருங்கள். 2025-லிருந்து நாட்டின் பெரும்பாலான பங்குகளில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர்க் குழாயையும் வாஷரையும் கெடுக்கும். நாள்கணக்கில் நின்றால் டேங்க் உள்ளே துரு பிடிக்கும். ஆக, முன்னைவிட இப்போதுதான் தெரிந்த கை அதிகம் தேவைப்படுகிறது.

‘சின்னப் பையன்களைப் பட்டறையில் விடச் சொல்கிறாயா?’ என்றும் கேட்கலாம். நிச்சயமாக இல்லை. பதினோரு வயதில் பாய் பட்டறைக்குப் போனது பெருமைப்பட வேண்டிய விஷயமில்லை. அவர் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டும். அந்தக் கொடுமை இல்லாமலே அந்தத் தொழிலை அடுத்த கைக்கு மாற்ற முடியும் என்பதுதான் என் வாதம்.

செய்யக்கூடியவை

முதலாவது, எந்த ஊர்வலமானாலும் அந்த வட்டாரத்து மெக்கானிக் ஒருவரை முறையாக அழைத்து, அன்றைய கூலியைக் கையில் கொடுத்து, முதல் வரிசையில் நிறுத்த வேண்டும். கொடியையும் அவரே அசைக்கட்டும்.

இரண்டாவது, நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, பதினெட்டு வயது நிரம்பிய ஐ.டி.ஐ. மாணவர் இருவருக்கு உதவித்தொகை கொடுத்து, சனிக்கிழமைகளில் பாய் போன்றவர்களிடம் அனுப்பலாம். கற்றுக்கொடுப்பவருக்கும் சம்பளம் வேண்டும். குரோமியப் பூச்சுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்களுக்கு இது பெரிய பாரம் இல்லை.

மூன்றாவது, இது நம் பிள்ளைகளுக்கு. எல்லார் கையிலும் காமிரா உள்ள போன் இருக்கிறது. ஒரு விடுமுறை நாளில் உங்கள் தெரு மெக்கானிக்கிடம் அனுமதி கேட்டு, அவர் வேலை செய்வதையும் விளக்குவதையும் படம் பிடித்து வையுங்கள். தமிழும் கன்னடமும் உருதும் கலந்த அந்தப் பட்டறை மொழியே ஒரு செல்வம். அது எந்த அகராதியிலும் ஏறாமல் அழிய விடலாமா?

நான்காவது, என் தவற்றிலிருந்து. அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன வண்டி உங்கள் வீட்டுக் கார்ஷெட்டில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தால், அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள். முதலில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். உரிமையாளர் காலமானால் முப்பது நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பலர் இதைச் செய்யாமல் விட்டு, பிறகு ஓட்டவும் முடியாமல் விற்கவும் முடியாமல் தவிக்கிறார்கள். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்கவும் மறக்காதீர்கள். இவ்வளவுக்குப் பிறகும் வைத்துக்கொள்ள முடியாது என்றால், இரும்பு விலைக்குப் போடாமல், ஓட்டத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கடைசியாக, நம் சங்கத்துக்கு ஒரு வார்த்தை. நம் மேடையில் ஆண்டுதோறும் எத்தனையோ பொன்னாடைகள் போர்த்துகிறோம். வந்தவருக்கு, பேசியவருக்கு, பேசாமல் உட்கார்ந்திருந்தவருக்கும்கூட. பிழைப்புக்காக இங்கே வந்து, ஐம்பது வருடம் எண்ணெய்க் கையோடு நின்று, நம் அப்பாக்களின் வண்டிகளை ஊர் போய்ச் சேர வைத்த ஒருவருக்கு ஒரு முறை போர்த்தியிருக்கிறோமா? வரும் பொங்கல் விழாவில் அதைச் செய்யலாம் என்று செயற்குழுவிடம் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். செலவு என்னுடையதாக இருக்கட்டும்.

அடுத்த ஊர்வலத்துக்கும் பேரனோடு போவதாக இருக்கிறேன். இந்த முறை காமிராவை அவன் கையில் கொடுத்துவிடுவேன். பாய் கட்டாயம் படத்தில் இருப்பார்.